வாக்குச் சீட்டில் ஒரு பிள்ளையார் சுழி

என்னை அந்த வாக்கெடுப்புக்குக் கையோடு கூட்டிக்கொண்டு போன அக்காவுக்கு, நான் எதிர்த்துத்தான் புள்ளடி போடுவேன் என்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கூட்டிக்கொண்டு போனார். அவரோ ‘ஓம்’ பக்கம். அதுவும் சும்மா ஓம் இல்லை, தம்பியைப் போரில் பறிகொடுத்தவரின் ஓம்.

போன மாதம் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஒரு மாகாணம் பிரிந்துபோக வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. தலைநகரத்தில் இருக்கிறவர்கள் அது செல்லாது என்கிறார்கள். மாகாணத்துக்காரர்கள் செல்லும் என்கிறார்கள். முருங்கைக்காய் வாங்க வந்த இரண்டு பேர், வாங்கியதைத் தராசிலேயே விட்டுவிட்டு வாதாடத் தொடங்கினார்கள். “எல்லாரும் ஓம் எண்டு போட்டால் அது வாக்கெடுப்போ, கூட்டுப் பிரார்த்தனையோ?” என்று ஒருவர் கேட்டார். இப்படியான இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை நான். அன்றைக்குச் சும்மா இருந்தேன். அக்காவின் ஞாபகம் வந்துவிட்டது.

என் கடை தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அரிசி, மா, மரக்கறி, மீன், சனி ஞாயிறுகளில் இடியப்பம். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அக்கா; இருப்பது பக்கத்தில், மிச்சம் என்கிற ஊரில். கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் கொடுக்கிற பகுதியில் வேலை. “சொந்தப் புருஷனுக்கே ஒரு பெர்மிட் சும்மா தராதவ” என்று அவருடைய கணவரே பகிடி பண்ணுவார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பொருளாளரும் அக்காதான். எங்கள் பகுதியில் பிள்ளை படிக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் குளிர்பெட்டிக் கதவில் அவர் கையால் எழுதிய ரசீது ஒன்று ஒட்டியிருக்கும். என் வீட்டிலும் இருந்தது.

அந்த வாக்கெடுப்பை எந்த அரசாங்கமும் நடத்தவில்லை. லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்கள் தாங்களே கூடி, தாங்களே சீட்டு அச்சடித்து, தாங்களே நடத்தியது. ஒரே ஒரு கேள்வி: ஊரில் எங்கள் பகுதி பிரிந்து தனி அரசாக வேண்டுமா, ஓமா இல்லையா. எட்மண்டனிலிருந்து மிச்சம் வரை எங்கெங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்களோ அங்கெல்லாம் மண்டபம் பிடித்திருந்தார்கள். யாருக்கு வாக்கு உண்டு என்பதிலேயே முதல் சண்டை வந்தது. என் மனைவி மதுரைக்காரி. இந்தியாவிலிருந்து கல்யாணம் பண்ணி வந்தவர்களுக்கும் உண்டா என்று ஏற்பாட்டுக் குழு வாரக்கணக்கில் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டிருந்தது. “உண்டுன்னா போடறேன், இல்லேன்னா தூங்கறேன். ஞாயித்துக்கிழமைதானே” என்றாள் அவள். இல்லை என்று முடிவானது. நிம்மதியாகத் தூங்கினாள்.

எனக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். குரொய்டனில் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கடவுச்சீட்டை அலுமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, அங்கே இருக்கிறவனுடைய வேலியை எங்கே போடுவது என்று நாங்கள் ஓட்டுப் போடுகிறோமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிற வேலை. என்னுடைய அம்மாவும் அண்ணனும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். எந்தக் கோடு போட்டாலும் அது யாரோ ஒருவருடைய முற்றத்துக்குள்ளால்தான் போகும், அந்த முற்றத்தில் மறுபடி யாரோ செத்துக் கிடப்பார்கள் என்பது என் பயம். இதை ஒருநாள் கல்லாவில் நின்றபடி ஒரு வாடிக்கையாளருக்கு நான் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா வெண்டைக்காய்ப் பையோடு பின்னால் நின்றிருந்தார். கடைசி வரை கேட்டார். வாடிக்கையாளர் போனதும் பையைத் தராசில் வைத்தார்.

“அப்ப தம்பி, வந்து இல்லை எண்டு போடுங்கோவன்.”

“என்னக்கா பகிடியே?”

“பகிடி இல்லை. மிச்சத்து மண்டபத்துக்கு நான்தான் பொறுப்பு. நான் ஒவ்வொரு எலக்‌ஷனுக்கும் கவுன்சிலுக்காகப் பள்ளிக்கூடத்தில இருந்து சீட்டுக் குடுக்கிறனான். உங்களுக்குத் தெரியுமே, ஒரு எதிர் ஓட்டும் விழாத பெட்டியை உலகத்தில ஒருத்தனும் நம்ப மாட்டான். நாங்களே போட்டு நாங்களே எண்ணி நாங்களே கைதட்டுறதுக்கு எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எதுக்கு?”

“உங்கட பக்கம் தோக்க வேணும் எண்டே கேக்கிறியள்?”

“தோக்கேலாது, அது உங்களுக்கும் தெரியும். வெல்லுறது நேர்மையா வெல்லுறதா இருக்க வேணும். எதிர்த்துப் போட்டவனும் பாத்திட்டு, ஓம், உந்தப் பெட்டி சுத்தம் எண்டு சொல்ல வேணும். எனக்கு அது போதும்.”

நான் வெண்டைக்காயை நிறுத்தேன். அவர் சொன்னது மறுக்க முடியாததாக இருந்தது, அதுவே எனக்கு எரிச்சல். உண்மைக் காரணத்தைச் சொன்னேன். நான் இல்லை என்று போட்டது வெளியே தெரிந்தால் என் கடையில் ஈ கூட மொய்க்காது. துரோகி என்று ஒரு சொல் போதும். பத்துக் கடை தள்ளி இன்னொரு கடை இருக்கிறது, சனம் அங்கே போகும்.

அக்கா என்னை நேராகப் பார்த்தார். “உங்கட சீட்டு உங்கட எண்டு ஒருத்தருக்கும் தெரிய வராது. அதுக்கு நான் பொறுப்பு” என்றார். பிறகு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு வேண்டிய அரிசி பருப்புக்குப் பில் கேட்டார். சில்லறை வியாபாரத்துக்கு மெஷின் ரசீது அடிக்கும். கோயில், பள்ளிக்கூடம், கலியாண வீடு என்று மொத்தமாகப் போகிற சாமானுக்கு மட்டும் நான் கையால்தான் பில் எழுதுவேன். எழுதிக் கொடுத்தேன். போகிற போக்கில், கடைப் பின்கட்டில் நின்ற பெரிய அட்டைப்பெட்டியைப் பார்த்து, அது வேண்டும் என்றார். புதுக் குளிர்பெட்டி வந்த பெட்டி. அதற்குள் ஒரு ஆள் நிற்கலாம்.

அடுத்த நாட்களில் அவரைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மண்டபத்துக்குள் ‘ஓம் போடுங்கள்’ என்று கணவர் ஒட்டிய சுவரொட்டிகளை அக்கா தன் கையால் கிழித்தாராம். கணவர் ஏற்பாட்டுக் குழுவில் பெரிய ஆள், ஊரில் ஒரு காலத்தில் மேடையேறிப் பேசியவர். இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லையாம். யாரோ ஒருவர் தொலைபேசியில், “அக்கா, நீங்கள் எங்கட ஆளோ, அவங்கட ஆளோ?” என்று கேட்டாராம். “பெட்டிக்குப் பக்கத்தில இருக்கேக்க நான் பெட்டியின்ர ஆள்” என்றாராம். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர்கள் குறையாகத்தான் சொன்னார்கள். எனக்கோ கேட்கக் கேட்க அவர் மேல் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கடை திறக்க முன்னரே, காரோடு வந்து நின்றார் அக்கா. அட்டைப்பெட்டியை மடித்துப் பின் ஆசனத்தில் ஏற்ற நானும் உதவினேன். ஏற்றி முடிந்ததும் முன்கதவைத் திறந்து பிடித்தார்.

“பெட்டியைத் தந்தனீங்கள். வந்து ஒரு புள்ளடியையும் போட்டிட்டு வாங்கோ.”

ஏறினேன். ஏன் ஏறினேன் என்று கேட்டால், அந்த முகத்துக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வழியில் ட்ராம் பாதையைக் கடக்கும்போது சிவப்பு விளக்கில் நின்றோம். அப்போது சொன்னார்:

“என்ர தம்பி இருந்தால் உங்கட வயசுதான் வரும். இந்த நாட்டுக்கு வந்து எல்லாத்துக்கும் ஓட்டுப் போட்டிட்டன். கவுன்சிலுக்கு, பாராளுமன்றத்துக்கு, குப்பை வாளியை எப்ப எடுக்கிறது எண்டதுக்குக்கூடப் போட்டிருப்பன். இந்தக் கேள்வியை மட்டும் ஒருத்தரும் என்னட்டக் கேட்டதில்லை. இண்டைக்கு அவனுக்கும் சேத்துத்தான் போடப்போறன். ஆனால் ஒரு ஓட்டுத்தான் போடேலும், என்ன?”

விளக்கு பச்சையாகிவிட்டது.

மண்டபம் ஒரு தேவாலயத்தோடு சேர்ந்தது, வாடகைக்கு எடுத்தது. அந்தத் தேவாலயத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆங்கிலப் பெண்மணி ஒருவரை அக்கா பார்வையாளராகக் கூப்பிட்டிருந்தார். எந்தப் பக்கமும் சாராத ஒரு ஆள் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. வாசலில் ஒரு குத்துவிளக்கு. நெருப்பு எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்று பயந்து கணவர் சாம்பிராணிக்குத் தடை போட்டிருந்தார். என் குளிர்பெட்டிப் பெட்டியை ஒரு மூலையில் நிமிர்த்தி, உள்ளே ஒரு சின்ன மேசையும் நூலில் கட்டிய பேனாவும் வைத்தார்கள். அதுதான் மறைவிடம். அக்கா வாக்குப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் காட்டிப் பூட்டினார். சீட்டில் புள்ளடி ஒன்றைத் தவிர வேறு எந்த அடையாளமும் இருக்கக்கூடாது, ஆள் அடையாளம் தெரிகிற சீட்டு கழிக்கப்படும் என்று உரக்க வாசித்தார். பிறகு முதல் ஆளாக அவரே உள்ளே போனார்.

கொஞ்ச நேரம் அந்தப் பெட்டிக்குள் நின்றார். வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மடித்த சீட்டைப் போட்டார். பிறகு நான் போனேன். என்னுடைய குளிர்பெட்டி வந்த பெட்டிக்குள் நின்று என் இனத்தின் தலைவிதிக்குப் புள்ளடி போடுவேன் என்று ஒருகாலமும் நினைத்ததில்லை. இல்லைக்கு நேரே போட்டேன். நாலாக மடித்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அடுத்த ஆளின் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“எண்ணேக்க வாங்கோ” என்று மட்டும் சொன்னார்.

பின்னேரம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டுப் போனேன். “உங்க ஆளுங்க சண்டை போட்டா நடுவுல போய் நிக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினாள். மண்டபம் நிறைந்திருந்தது. நீள மேசையைச் சுற்றி அக்கா, அவருடைய கணவர், குழுவைச் சேர்ந்த மீசைக்காரர் ஒருவர், ஆங்கிலப் பெண்மணி. மற்றவர்கள் ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். பெட்டியைத் திறந்து கொட்டினார்கள். ஓம், ஓம், ஓம் என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஆங்கிலப் பெண்மணி ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்து, மேலே இருக்கிற இது என்ன என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தோம். சீட்டின் தலையில், நடுவில், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி.

எதை எழுதத் தொடங்கினாலும் அந்தச் சுழியைப் போட்டுவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் மற்றதை எழுதுவார்கள். கடிதம், பரீட்சைத் தாள், கலியாணச் சாமான் கணக்கு, எதுவானாலும். ‘வேறு அடையாளம் இடக்கூடாது’ என்று ஆயிரம் தடவை வாசித்தாலும் அது தங்களைச் சொல்கிறது என்று யாருக்கும் தோன்றாது. பிள்ளையார் சுழியை அடையாளம் என்று யார் நினைத்தார்கள்? அதுவும் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த சீட்டில் விக்கினம் வரக்கூடாது என்று வேண்டிப் போட்டிருப்பார்கள். அடுத்த கட்டில் இன்னொன்று. பிறகு இரண்டு. மூன்றாவதாக ஒரு குவியல் வளரத் தொடங்கியது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவர், “பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிஞ்ச கதை” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்த வாய் பாதியில் நின்றுவிட்டது. என் வலது கை எனக்கு ஞாபகம் வந்தது. கடவுள் இல்லை என்று கோயில் வாசலிலேயே நின்று வாதாடுகிற ஆள் நான். ஆனால் காலையில் சாமான் ஓடர் எழுதினாலும் சரி, பில் எழுதினாலும் சரி, அப்பா பழக்கிவிட்ட சுழி தாளின் தலையில் தானாக வந்து நின்றுவிடும். நான் போடுவதில்லை, கை போடும். அன்று காலை அந்தப் பெட்டிக்குள் கை என்ன செய்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

தெரியவர அதிக நேரம் ஆகவில்லை. மீசைக்காரர் ஒரு சீட்டை விரித்துவிட்டுப் பெரிதாகச் சிரித்தார்.

“இஞ்ச பாருங்கோ. இல்லை எண்டு போட்டவனும் பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறான்.”

மண்டபம் கலகலத்தது. “கொண்டாங்கோ பாப்பம், ஆற்ர கை எண்டு” என்று கூட்டத்தில் ஒரு குரல். இன்னும் இரண்டு மூன்று பேர் கயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தார்கள். அந்த மண்டபத்தில் பாதிப் பேர் பிள்ளைகளின் கலியாணத்துக்கும் சாமத்தியச் சடங்குக்கும் என்னிடம் சாமான் எடுத்தவர்கள், என் கையால் பில் வாங்கியவர்கள். என் சுழிக்குக் கீழே ஒரு கோடும், கோட்டின் நுனியில் ஒரு புள்ளியும் இருக்கும். அப்பாவின் சுழி அது. வேறு யாரும் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை. என் கடை அந்த ஒரு புள்ளியில் தொங்கிக்கொண்டு நின்றது. வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா எழுந்தார். மீசைக்காரரின் விரலிலிருந்து சீட்டை வாங்கினார். ஒரு பார்வை பார்த்தார். மேசையில் குப்புற வைத்து, அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

“சுழி போட்ட சீட்டு எல்லாம் கழிவு. ஓமும் கழிவு, இல்லையும் கழிவு. ஒருத்தரும் இனி அதைப் பாக்கக் கூடாது.”

அதற்குப் பிறகுதான் சண்டை. அவ்வளவு நேரம் சிரித்தவர்களே கத்தினார்கள். சனம் பிள்ளை குட்டியோடு ட்ராம் ஏறி, பஸ் ஏறி வந்து போட்ட வாக்கைக் குப்பையில் போடுவதா? ஆங்கிலப் பெண்மணிகூட, போட்டவர் என்ன நினைத்தார் என்பது தெளிவாகத் தெரிகிறதே, எண்ணலாமே என்றார். அக்காவின் கணவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார்.

“நீ சொல்லுறது ஞாயமோ? வாழ்க்கையில ஒருக்கா கிடைச்ச வாக்கு. அதுவும் சாமியை நினைச்சுப் போட்ட வாக்கு. அதைக் கழிக்கிறது பாவம்.”

“இவ சொல்லுறது சரி” என்று ஆங்கிலப் பெண்மணியைக் காட்டினார் அக்கா. “ஆள் தெரியாட்டி எண்ணலாம். ஆள் தெரிஞ்சால் எண்ணேலாது. இஞ்ச ஆள் தெரியும்.”

“எப்படித் தெரியும்? ஊர் முழுக்கப் போடுறது ஒரே சுழி. அதில ஆள் எங்க தெரியுது? இருந்தால் ஒண்டைக் காட்டு. ஒரே ஒண்டைக் காட்டு பாப்பம்.”

அவர் பேசினால் மண்டபம் கேட்கும். கேட்டது, கைகூடத் தட்டியது. எல்லோரும் அக்காவின் உள்ளங்கைக்குக் கீழே இருந்த சீட்டைப் பார்த்தார்கள். காட்டு என்றால் அதைத்தான் காட்டுவார் என்று நானும் நினைத்தேன்.

அக்கா அந்தக் கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் மூன்றாவது குவியலைத் தேடினார். தேடுவதற்கு நேரம் எடுக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு சீட்டை எடுத்துக் கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். ஓமுக்கு நேரே அழுத்தமாகப் புள்ளடி. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே, மட்டம் வைத்து இழுத்ததுபோல, இரண்டு கோடு.

“இது ஆற்ர?” என்று கேட்டார்.

அந்த இரண்டு கோட்டுச் சுழி, பள்ளிக்கூட ரசீதின் தலையில், எங்கள் எல்லோருடைய குளிர்பெட்டிக் கதவிலும் ஒட்டியிருக்கிறது.

“சொல்லுங்கோவன். உங்கள் எல்லாருக்கும் தெரியுது, ஆரும் சொல்லுறியள் இல்லை. இது என்ர. காலமை நானே வாசிச்சுப்போட்டு நானே போட்டிருக்கிறன். என்ர கை என்ர சொல்லைக் கேக்கேல்லை.” குரல் ஒரு இடத்தில் உடைந்தது. சீட்டைக் கீழே இறக்காமலே தொடர்ந்தார். “என்ர தெரிஞ்சால் மற்றவையின்ரயும் தெரியும். ஓம் எண்டு போட்டவைக்கு அதால ஒண்டும் வராது, நாலு பேர் தோளில தட்டுவினம். மற்றப் பக்கம் போட்டவையை நான்தான் வரச் சொன்னனான். ஆருக்கும் தெரிய வராது எண்டு சொல்லித்தான் வரச் சொன்னனான்.”

தன் சீட்டைக் குவியலில் வைத்தார். உள்ளங்கைக்குக் கீழே இருந்ததையும் அப்படியே குப்புற அதன் மேல் வைத்தார். முழுவதையும் ஒரு பெரிய கவருக்குள் தள்ளி, வாயை ஒட்டி, ஆங்கிலப் பெண்மணியை அதன் மேல் குறுக்காகக் கையெழுத்துப் போடச் சொன்னார். கணவர் உட்கார்ந்துவிட்டார். சுழி இல்லாத சீட்டுகளை அவரும் எண்ணினார். மீசைக்காரரும் எண்ணினார்.

முடிவு எல்லோரும் நினைத்ததுதான். ஓம் மலைபோல வென்றது. இல்லை ஒரு கைப்பிடி. இல்லையின் எண்ணிக்கையை அக்கா வாசித்தபோது பின்னால் யாரோ ஊளையிட்டார்கள். அவர் நிறுத்தினார். சத்தம் அடங்கும் வரை தாளைப் பிடித்தபடி நின்றார். பிறகு அதே குரலில் அதை மறுபடி வாசித்தார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் என் அட்டைப்பெட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சின்னக் குசினியில் அக்கா தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கணவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

“உன்ர தம்பிக்கு எண்டெல்லோ போட்டனீ” என்று அவர் கேட்டது எனக்குக் கேட்டது.

“அவனுக்கு விளங்கும்” என்றார் அக்கா. தண்ணீர்க் குழாய் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. கணவர் துவாயை எடுத்து, கழுவிய கோப்பைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

பிறகு அந்த வாக்கெடுப்பைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள். நாடகம் என்றார்கள். செல்லாது என்றார்கள். அங்கே இருக்கிறவர்களைக் கேட்காமல் இங்கே கேட்டது பிழை என்று நானே இன்றைக்கும் சொல்வேன். கேள்வியோடு எனக்கு இருந்த சண்டை அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மிச்சத்து மண்டபத்துப் பெட்டியைப் பற்றி யாராவது வாய்க்கு வந்தபடி கதைத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் கடையில் ஒருவர், “அதெல்லாம் அவையள் முதலே நிரப்பின பெட்டி” என்றார். “அந்தப் பெட்டியைப் பற்றி இஞ்ச ஒரு சொல் சொல்லாதையுங்கோ. நான் பாத்தனான்” என்றேன். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நான் ஓம் போட்ட ஆள் என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

சில வாரங்கள் கழித்து அக்கா கடைக்கு வந்தார். பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூசைக்குக் கடலை, சர்க்கரை, அவல் எல்லாம் மொத்தமாக வேண்டும் என்றார். சாமான்களைக் கட்டி வைத்துவிட்டுப் பில் புத்தகத்தை எடுத்தேன். கை வழக்கம்போல முதலில் சுழியைப் போட்டது. கீழே ஒரு கோடு. நுனியில் ஒரு புள்ளி. அக்கா கல்லாவில் முழங்கையை ஊன்றியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பேனா நின்றுவிட்டது. வருடக்கணக்காக என்னிடம் பில் வாங்குகிற மனுஷி அவர். அன்றைக்கு மீசைக்காரரின் விரலிலிருந்து வாங்கிப் பார்த்த அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு ஆள் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கையால் மூடினார். ஒன்றைக் காட்டு என்று கணவர் கேட்டபோது, தன்னுடையதைத் தேடி எடுத்தார்.

நான் தலை நிமிரவில்லை. அக்கா நான் எழுதி முடிக்கும் வரை நின்றார். பில்லை வாங்கி, நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். இரண்டு கையிலும் சாமானைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

“தம்பி, இனி எங்கையாவது ஓட்டுப் போடப் போனால் பிள்ளையாரைக் கடையில விட்டிட்டுப் போங்கோ. நானும் வீட்டில விட்டிட்டு வாறன்.”